கை எட்டாத இடம்

1991. எனக்கு இருபத்தொரு வயது. சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி ரோட்டோரமாகப் புதிதாக எழும்பியிருந்த தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை. கட்டடத்தின் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. முதல் வேலையின் படபடப்பு எனக்கும் போகவில்லை. எதைப் பார்த்தாலும் ஓடிப்போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருக்கும்.

புதன்கிழமைகளில் டாக்டர் வருவார். வேலைக்கு எடுத்தவர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். படிவத்தின் அடியில் இரண்டு வரி: அங்க அடையாளம் ஒன்று, அங்க அடையாளம் இரண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். இடக் கன்னத்தில் மச்சம். வலது முழங்காலில் தழும்பு. இரண்டு வரியும் நிரம்பாவிட்டால் வேலை இல்லை, அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அன்று கடைசியாக வந்த ஆளுக்கு முப்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். டாக்டர் சொன்னதும் கழற்றினார்.

என் மேஜை அவருக்குப் பின்னால். அதனால் நான் முதலில் பார்த்தது டாக்டரின் முகத்தைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் நாற்காலியோடு நகர்ந்து எட்டிப் பார்த்தேன்.

பச்சை. கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை பச்சை. தேள், மயில், நங்கூரம், வேல், சிலுவை, பிறை, ஒரு லாரி, லாரிக்குள் நுழையப் பார்க்கும் பாம்பு, ஒன்றையொன்று முறைக்கும் இரண்டு கட்சிக்கொடிகள், சந்து பொந்தெல்லாம் பெயர்கள், பெயர்கள். திருவிழாக் கூட்டம் மொத்தமும் ஒரே ஆள்மேல் ஏறி நின்றது. என் விரல்கள் டைப்ரைட்டர் மேல் துள்ளின.

"இன்னாபா இது, ஓட்டர் லிஸ்ட்டா?" என்றார் டாக்டரோடு வந்திருந்த கம்பவுண்டர்.

"தொழிலு சார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனாண்ட பச்ச குத்துறவன். தேரு திருநாள்னா மிஷின எடுத்துக்கினு ஊரூரா போவேன்."

"ஊருக்குக் குத்துறவன் உனக்கு ஏன் குத்திக்கினே?"

"வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான் சார் கேப்பாங்க, வலிக்குமான்னு. வலிக்காதுன்னு வாயால சொன்னா யாரு நம்புறா? அவங்க கேட்டதையே மொதல்ல எம்மேல குத்திக் காட்டுவேன், மூஞ்சி சுளிக்காம. அப்பால கைய நீட்டுவாங்க." நெஞ்சில் ஒரு பெயரைத் தொட்டார். "இது வாலாஜாபாத்ல ஒரு அம்மாவோட வூட்டுக்காரரு. ஆள நான் பாத்ததே இல்ல."

"உம் பொண்டாட்டி ஒண்ணும் கேக்கலியா?"

"அது பேரும் கீது சார். எங்கன்னுதான் தேடணும்."

டாக்டரே சிரித்துவிட்டார். "அப்புறம் இங்க ஏம்பா வந்தே?"

"உடம்பு தீந்துபோச்சு சார்." சரக்கு தீர்ந்துபோன கடைக்காரர் மாதிரி சொன்னார். "குத்திக் காட்ட எடமில்ல, ஆளுங்க ஒக்கார மாட்றாங்க. ரெண்டு கம்பெனில சட்டையக் கழட்டினதுமே தொரத்திட்டாங்க. இது மூணாவது."

இப்போதும் ஷேர் ஆட்டோவில் கழுத்துவரை பச்சை குத்திய பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்டுவிடுவேன். அம்மா நினைவு என்பான் ஒருவன், சும்மா கெத்துக்கு என்பான் இன்னொருவன். வலிக்காது என்று காட்டத்தான் என்ற அந்தப் பதிலை மட்டும் வேறு யாரும் சொன்னதில்லை.

"இதுலயே ரெண்ட எழுதிக்கலாமே சார்" என்றார் அந்த ஆள்.

"நீயே குத்துறவன். நாளைக்கு அதுமேலயே வேற குத்திப்பே. மச்சம், தழும்பு ஏதாவது காட்டு."

தேடினார்கள். கம்பவுண்டர் டார்ச் அடித்தார். "இதோ சார், மச்சம்."

"அது தேளோட கண்ணு சார்."

வலக் கையைப் பார்த்தார்கள். இடக் கையால் குத்தியது. எழுத்தெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோலக் கோணிக்கொண்டு நின்றது. தொடைவரை பார்த்தாயிற்று.

"முதுகு?"

"சும்மாதான் கீது சார். கை எட்டாது."

ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிட்ட இடத்தை யார் பார்ப்பார்கள்? டாக்டர் மறுபடி மயில் தோகைக்குள் குனிந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு நேரே வெறும் முதுகு. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, அக்கம்பக்கமாக, இரண்டு மச்சம். மூன்று ஆண்கள் இருக்கும் அறையில், ஒரு ஆளின் வெற்று முதுகை இவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எப்படிச் சொல்ல?

டாக்டர் பேனாவை மூடினார். "தேறாதுப்பா."

அந்த ஆள் சட்டையை எடுத்தார். ஒரு கை உள்ளே போனது. துணி முதுகில் ஏறத் தொடங்கியது.

"முதுகுல ரெண்டு மச்சம் இருக்கு சார்." அத்தனை சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

"ஏம்மா, ஒன்ன டைப் அடிக்கத்தான வெச்சிருக்கு?" என்றார் கம்பவுண்டர். அதற்குள் டாக்டர் அந்த ஆளைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "ஒண்ணு. ரெண்டு. தட்டும்மா."

தட்டினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆள் கழுத்தை முறுக்கி, கையைப் பின்னால் வளைத்து, எட்டாத இடத்துக்கு எட்டிக்கொண்டிருந்தார். "எனக்கா? எனக்கா சார் மச்சம்?" அறையில் கண்ணாடி இல்லை. என் மேஜைக்கு வந்தார். "எப்பிடிம்மா கீது?"

ஒரு துண்டுத்தாளைச் சொருகி முற்றுப்புள்ளிச் சாவியை இரண்டு முறை ஓங்கி அடித்தேன். தாள் பொத்துக்கொண்டது. "இவ்ளோ கிட்டக்கிட்ட" என்று கொடுத்தேன்.

ஜன்னலுக்கு நேரே பிடித்தார். இரண்டு பொட்டு வெளிச்சம்.

"இத யாரும் எங்கிட்ட கேக்கவே இல்லியே" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைக்குப் பொத்தான் போட மறந்தபடியே டாக்டரிடம் திரும்பினார்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு சார் வரணும்?"