எலாஸ்டிக் கட்டிய வாத்தியார்

தையற்கடை அக்காவின் தம்பி கணக்கு வாத்தியார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் இந்தத் தகவல் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

வாத்தியாருக்கு ஒரே ஒரு குறை. கோணத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது எப்படி என்று மேசையில் காம்பஸ் வைத்து வரைந்து காட்டினால், முதல் பெஞ்சுக்குக் கை தெரியும். மற்றவர்களுக்குத் தலைதான் தெரியும். போன தேர்வில் அந்தக் கேள்வியில் பாதி வகுப்பு கோட்டை விட்டது. திங்கட்கிழமை மறுதேர்வு.

சனிக்கிழமை சாயங்காலம் போனும் கையுமாகக் கடையில் வந்து நின்றான் தம்பி. பிறந்ததிலிருந்து ஒரு வீடியோகூட எடுத்ததில்லை.

"என் கையைப் பக்கத்துல பார்த்தா புரிஞ்சிடும்க்கா. அதை எடுக்கணும்."

அக்கா துணி வெட்டும் மேசையை இரண்டு தடவை துடைத்தாள். தைத்த உடைகளைத் தொங்கவிடும் கம்பியில், கேமரா கீழே பார்க்கும்படி போனை நாடாவால் கட்டினாள். காகிதம் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தினாள்.

"ஆரம்பிங்க வாத்தியாரே."

மூன்று நிமிடம் விடாமல் விளக்கினான். பிறகு இருவரும் போட்டுப் பார்த்தார்கள். குரல் கணீரென்று கேட்டது. படத்தில் கோணம் இல்லை, காம்பஸ் இல்லை. திரை முழுக்க அவனுடைய வழுக்கை.

"வட்டம் நல்லா வந்திருக்குடா."

"சிரிக்காதக்கா. குனியாம எப்படி வரையறது?"

அடுத்த தடவை விறைப்பாக உட்கார்ந்தான். காம்பஸ் முள் காகிதத்தைத் தொட்டதுமே தலை தானாக உள்ளே வந்தது. மூன்றாவதிலும் அதே கதை. நான்காவதில், "தலை, தலை" என்று அக்கா போட்ட சத்தமும் பதிவாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

"விடுக்கா. திங்கட்கிழமையும் அதுங்க கோட்டைதான் விடப்போகுதுங்க." முகம் சுண்டிப்போயிருந்தது.

அக்கா அகல எலாஸ்டிக்கை எடுத்து, தம்பியின் நெற்றியை அளந்து, கால் இஞ்ச் கூட்டி வளையமாகத் தைத்து மாட்டினாள். அதில் இன்னொரு எலாஸ்டிக் துண்டைக் கோத்து, பின்னால் இருந்த ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

"யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"போன் உன் கையை மட்டுந்தான் பார்க்கும். வரை."

குனியக் குனிய எலாஸ்டிக் பின்னால் இழுத்தது. மூன்று நிமிடமும் கை மட்டுமே தெரிந்தது. கடைசிக் கோட்டைப் போட்ட மகிழ்ச்சியில் தம்பி ஒரேயடியாக முன்னால் சாய, முடிச்சு அவிழ்ந்தது. கடைசி இரண்டு நொடியில் வழுக்கை உதயமானது. அதை மட்டும் எப்படி வெட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே வகுப்புக் குழுவுக்கு அனுப்பினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் விடைத்தாள் கட்டோடு வந்தான். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "சார், வீடியோ முடியறப்ப எட்டிப் பார்த்தது யார் சார்?" என்று கேட்டாளாம்.

சிரித்து முடித்த பிறகு, "அந்தப் பொண்ணோட தாளை எடு" என்றாள் அக்கா. ஏழாம் வகுப்போடு நின்றவள். கோணமானி பிடிக்கத் தெரியாது. நடுக்கோட்டின் மேலேயே தாளை மடிக்கப் போனாள்.

"மடிக்காதக்கா, அது விடைத்தாள்."

"மடிச்சாத்தான்டா தெரியும்."

மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். இரண்டு பக்கக் கோடுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன.

வாசலில் அளவு கொடுக்க ஓர் அம்மாள் காத்திருந்தாள். "உள்ளே வாங்க" என்றாள் அக்கா, தாளை நீட்டியபடி. "முதல்ல இதைப் பாருங்க."