காக்கி இல்லாமல் ஏலத்துக்குப் போன சார்ஜன்

சண்டை முடிந்து, புத்தளத்து அகதி முகாமில் இருந்து மன்னார் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய பிறகு நான் மூன்று வியாபாரம் செய்தேன். மூன்றும் படுத்துவிட்டன. அப்படிப்பட்ட என்னிடம், பென்சன் எடுக்கப்போகிற பொலிஸ் சார்ஜன் ஒருவர் வியாபார யோசனை கேட்டு வந்தார். விழுகிற குழியெல்லாம் தெரிந்தவன் என்று நினைத்திருப்பார்.

மடுப் பக்கத்து வயற்காரக் குடும்பத்து ஆள். டியூட்டி முடிந்து போகிற வழியில் காக்கியோடு எங்கள் கரையில் மீன் ஏலத்துக்கு வருவார். அவர் ஒரு விலை சொன்னால் அதோடு ஏலம் முடிந்தது. அதுவரை கத்திய வியாபாரிகள் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். பாரை மீன் பாதி விலைக்கு அவர் கையில்.

"பாத்தீங்களா காக்கா," என்று எங்கள் முஸ்லிம் ஊர் வழக்கில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். "மீன் வியாபாரம் எனக்குக் கைவந்திட்டுது. பென்சன் காசு முழுக்கப் போட்டு ஒரு கூலர் லொறி எடுக்கப் போறன்."

காக்கிக்கு எதிராக எவன் விலை கேட்பான்? காக்கியைக் கழற்றிய அடுத்த நாள் லொறியும் போய்விடும், மனிதரும் போய்விடுவார். ஆனால் பொலிஸ்காரருக்கு முகத்துக்கு நேரே உண்மை சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தாலும், அன்றைக்கு நான் போயிருக்க மாட்டேன்.

"கொண்டச்சிப் பக்கம் இன்னும் மலிவு ஐயா," என்று, அவரை ஒருவருக்கும் தெரியாத கரையாகப் பார்த்து ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "லீவு நாளில காக்கி இல்லாம சாரத்தைக் கட்டிக்கொண்டு வாங்கோ, போவம்."

வந்தார். சாரம் சரி. நின்ற நிலைதான் பொலிஸ் அணிவகுப்பு.

"கொஞ்சம் கூனுங்கோ ஐயா. என்னைப் போல நில்லுங்கோ. வீட்டு மனிசி ஏசத் தேடுறா எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

விளைமீன் நிரம்பிய ஓலைக் கடகம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. சார்ஜன் விலை சொன்னார். சொன்ன கையோடு கடகத்தைத் தூக்கவும் குனிந்துவிட்டார்.

"பொறுங்கோ அண்ணே, இன்னும் முடியேல்ல," என்று வெற்றிலை மென்றபடி, ஏலம் எடுக்க வந்த ஒரு மீன்காரி விலையைக் கூட்டினாள்.

சார்ஜன் நிமிர்ந்து முறைத்தார். அந்த முறைப்புக்கு மன்னார் டவுனில் பஸ்ஸே நிற்கும்.

"என்ன பாக்கிறீங்கள்? மீன் என்ர முகத்திலயா கிடக்கு? கேக்கிறதெண்டால் கேளுங்கோ, இல்லாட்டி விலகி நில்லுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, உடனே அதை இருமலாக்கினேன். ரோசம் வந்த சார்ஜன் கூட்டிக் கூட்டிக் கேட்டு, கடைசியில் சந்தையில் விற்கிற விலையையும் தாண்டி அந்தக் கடகத்தை எடுத்தார். அவள் துப்பிவிட்டு அடுத்த கடகத்துக்குப் போனாள்.

திரும்பும்போது மோட்டார்சைக்கிளை அவர் ஓட்ட, நான் கடகத்தோடு பின்னால் இருந்தேன். சிலாவத்துறை தாண்டும்போது கேட்டார்.

"இவ்வளவு நாளும் உங்கட கரையில ஒருத்தரும் எனக்கு எதிராக் கேக்கேல்ல, என்ன?"

"ஓம் ஐயா."

"உங்களுக்குத் தெரியும்."

"மன்னாரில கழுதைக்கும் தெரியும் ஐயா."

இறக்கிவிடப் போகிறார் என்று சீட்டை இறுக்கிப் பிடித்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"லொறி விக்கிறவனிட்ட இப்ப வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன். பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கு. லீவு நாளெல்லாம் கொண்டச்சிக்கு வருவம். அந்த மனிசியோட போட்டி போட்டு ஒரு கடகம் நியாய விலைக்கு எடுத்த பிறகு லொறியைப் பாப்பம்."

"அவ லேசில விடமாட்டா ஐயா."

"விடக்குடாது," என்றார்.