மழை நாளில் மட்டும் அறுகிற நெட்

எங்கள் வீட்டு நெட்டை யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டபோது, முதலில் நான் சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டு அக்காவை. என் குணம் அப்படி. வீட்டில் ஒரு ஸ்பூன் காணவில்லை என்றாலே யார் யார் வந்துபோனார்கள் என்று மனசுக்குள் ஒரு விசாரணை ஓடும். போனது நெட் என்றால் சும்மா இருப்பேனா?

சென்னையிலுள்ள ஓர் அலுவலகத்துக்காக ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. கல்யாணமான பிறகும் சில வருஷம் நான் அங்கே லேடீஸ் ஹாஸ்டலில், என் வீட்டுக்காரர் இங்கே போடியில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்திருக்கிற குடித்தனம். கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி ஊர் வந்து சேர்ந்தேன். மாடி அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. சன்னலைத் திறந்தால் மலை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழை பிடிக்கிறவரைக்கும்.

காலையில் மீட்டிங் நடக்கும்போது பொசுக்கென்று நெட் போய்விடும். திரையில் எல்லாரும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்கள். நான் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். எங்கள் தெருவில் போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன் என்று மீட்டிங்கை ஒப்பேற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து பார்த்தால், முன்னறைச் சுவர் அலமாரிக்குள் மோடம் பச்சை லைட்டோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் சூடு. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் விட்டுவிடலாம். மழை பெய்கிற வாரமெல்லாம் இதே கதை.

மேலாளர் அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். "இன்னொரு தடவை கிளையன்ட் மீட்டிங்ல நீங்க காணாமப் போனா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ஆபீஸுக்கே வந்துருங்க." வந்துருங்க என்றால் மறுபடியும் ஹாஸ்டல் கட்டில், மறுபடியும் பொங்கல் தீபாவளிக் குடித்தனம்.

சரி, யார் வேலை இது? மோடத்துக்குள் போய் யார் யார் நம் நெட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் போன், என் லேப்டாப், டிவி, அவர் போன். அதோடு தெரியாத போன் ஒன்று. ஆகா, மாட்டிக்கிட்டியா என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எந்நேரமும் எங்கள் சுவரை ஒட்டி உட்கார்ந்துதான் போனில் வீடியோ பார்ப்பார். சிரிப்புச் சத்தம் எங்கள் சமையலறை வரை வரும். ஒரு நாள் அவர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது பாவம் போல ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒங்க வீட்டுல நெட்டு எப்படி வருது?"

"நல்லா வருதே. ஏன் கேக்குற?"

"இல்ல, எங்க நெட்டுல யாரோ ஏறிக்கிறாங்க. அதான்."

அவர் விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்தார். "யாரோன்னா யாரு? நேரா சொல்லு. ஒன் நெட்டுல நான் ஏறி எங்கிட்டுப் போகப் போறேன்? எங்களுக்கு என்ன கதியா இல்ல?"

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு தெருமுனைவரை போய்விட்டது. நான் பாஸ்வேர்டை மாற்றி, என் போனிலும் அவர் போனிலும் புதுசைப் போட்டேன். மத்தியானம் வீட்டுக்காரர் வந்து, "ஏத்தா, என் ரெண்டாவது போனுல நெட்டு வரலையே" என்றார். ஏலக்காய் வியாபாரத்துக்கென்று தனியாக வைத்திருக்கிற பழைய போன். தெரியாத போன் அதுதான். பக்கத்து வீட்டில் போய் மன்னிப்பு கேட்கவில்லை. நெட்டைத் திருடவில்லை என்றாலும் வருஷக்கணக்கில் எங்கள் கறிவேப்பிலையைப் பறிக்கிறவர்தானே அவர்!

பாஸ்வேர்டு மாற்றியும் நெட் போனது. வைஃபையே வேண்டாம் என்று மோடத்திலிருந்து மாடிக்கு நீளமாக ஒயர் இழுத்து லேப்டாப்பில் சொருகினேன். அப்படியும் போனது. ஆக, காற்றில் வருகிற கோளாறு இல்லை. ஒன்று வெளியே லைனில் இருக்க வேண்டும், இல்லை மோடத்தில். கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் கம்பத்தில் ஏறி இறங்கி, "மழை பெஞ்சா லைனு இப்படித்தான்க்கா இருக்கும்" என்றார்.

"அப்ப தெருவுல மத்த வீட்டுக்கெல்லாம் மழை பெய்யலையாப்பா?"

வாசலிலிருந்து மோடம் வரைக்கும் புது லைன் போட்டுக் கொடுத்தார். மோடம் சுடுகிறதே என்றேன். கரண்டில் ஓடுகிற சாமான் சுடாமல் இருக்குமா என்றார். அவர் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. அவர்களே கெடுத்துவிட்டு அவர்களே புதுப் பெட்டி விற்பார்களோ என்று. ஆனால் அவர் விற்க வரவில்லை. வாங்கிக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோனது.

தீர்ந்துபோனதா? வீட்டுக்குள் ஒருவர் இருந்தாரே.

என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. பெரிய கடையெல்லாம் கிடையாது. குரங்கணிக்கு மேலேயும் மலைச்சரிவுகளிலும் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காய் பிடித்து, டவுனில் பெரிய வியாபாரிகளுக்குச் சாம்பிள் காட்டி முடித்துக் கொடுப்பார். ஞாயிறு தவிர தினமும் காலையில் ஜீப்பில் சாம்பிள் வந்து இறங்கும். அவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நெட் போகிற நேரம் அவர் வீட்டில் இருக்கிற நேரம். நான் கீழே இறங்கி வருகிற நேரம் அவர் போய்விட்டிருப்பார்.

அதோடு அவர் பேச்சும் சரியில்லை. நெட் போச்சு என்று நான் புலம்பினால், "ஞாயித்துக்கெழம படம் பாத்தமே, நல்லாத்தான ஓடுச்சு?" என்பார். ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு சொல்வார். மேலாளர் அம்மா சொன்னதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப பேசாம மெட்ராசுக்கே போயிரு. நான் வாராவாரம் வந்து பாத்துட்டு வர்றேன்" என்றார். என்னமோ கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவதுபோல. நான் பதில் பேசவில்லை. இந்த மனுஷனுக்கு நான் இங்கே இருப்பது பாரமாக இருக்கிறதா? சம்பாதிக்கிற பொண்டாட்டி வீட்டோடு இருந்தால் ஆண்களுக்கு ஆகாது என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொல்வாள். அப்போது அவளை வைதிருக்கிறேன்.

அடுத்த கிளையன்ட் மீட்டிங் வந்தது. விடியும்போதே மழை. நான் மாடிக்குப் போகாமல் லேப்டாப்போடு முன்னறையில் உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் அலமாரி மேல்.

"என்னா, இங்கன உக்காந்துட்ட?" என்றார் வீட்டுக்காரர், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஏன், உக்காரக் கூடாதா?"

"நீ மேல போத்தா. எனக்கு இங்கன சோலி இருக்கு."

என்ன சோலி? அலமாரியும் நாற்காலியும் தவிர அந்த அறையில் என்ன இருக்கிறது? சரி போறேன் என்று எழுந்து, படியில் சத்தமாக நாலு எட்டு வைத்துவிட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டேன். கட்டின புருஷனை ஒளிந்திருந்து பார்க்கிற நிலைமை வந்துவிட்டதே என்று என்மேலேயே எரிச்சல். ஆனாலும் பார்த்தேன்.

அவர் பையிலிருந்து சாம்பிள் பொட்டலங்களை எடுத்தார். ஒரு காயைக் காதோரம் வைத்து ஆட்டினார். உதட்டைப் பிதுக்கினார். அலமாரிக் கதவைத் திறந்து, மோடத்தின் தலையில் ஒரு பொட்டலம், இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்துப் பொட்டலங்கள், பின்னால் இருந்த இடுக்கிலும் ஒன்று என்று அடுக்கினார். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சூடு வெளியே போகாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்தினார். கதவைச் சாத்தினார்.

"யோவ்!"

நான் கத்திய கத்தில் அவர் அலமாரியிலேயே முட்டிக்கொண்டார். நான் இறங்கி ஓடி, கதவைத் திறந்து, துண்டை இழுத்து எறிந்தேன். பொட்டலங்கள் தரையில் விழுந்து, காய் சிதறியது. மழைக்காலத்தில் ஜீப்பில் வருகிற காய் ஈரம் குடித்து நமுத்துப்போகும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்காது. வாங்குகிறவன் முதலில் காதோரம் வைத்து ஆட்டித்தான் பார்ப்பான். அதனால் சாம்பிளைச் சூடான இடத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். முன்பெல்லாம் இவர் டிவி மேல் வைப்பார். தட்டையான டிவி வாங்கிய பிறகு அதற்கு இடமில்லை. மோடம் வந்தது அவருக்கு நல்லதாய்ப் போயிற்று. அலமாரியில் ஏலக்காய் மணக்கிறதே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. போடியில் எந்த வீட்டு அலமாரிதான் மணக்காது?

"மோடம் மூச்சு விட வேணாமாங்க? சூடு ஏறி அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இதுலதான் என் வேலை போகப் பாத்துச்சு!"

"இதுலயா நெட்டு நின்னுச்சு?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "பச்சையாத்தான எரியும், நான் எடுக்கும்போது?"

பேச நேரமில்லை. மோடத்தை வெளியே எடுத்து நாற்காலி மேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு, "யாரும் இதத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். மீட்டிங் ஆரம்பித்தது. ஒவ்வொரு நிமிஷமும் இதோ போகப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. நான் பேச வேண்டியதைக் கடைசிவரை பேசினேன். மேலாளர் அம்மா முடிவில் தேங்க்ஸ் என்றார். அந்த அம்மா வாயிலிருந்து அது லேசில் வராது.

கீழே வந்தால், மழையில் கரண்ட் போயிருந்தது. மோடம் அதோடு கொடுத்த சின்னப் பேட்டரிப் பெட்டியிலும் லேப்டாப் அதன் பேட்டரியிலும் ஓடியதால் எனக்கு அது தெரியவே இல்லை. ஃபேன் நின்றிருக்க, வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு காலண்டர் அட்டையால் மோடத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். சாம்பிள் காட்டப் போகவில்லை. காயும் சிதறியது சிதறியபடி கிடந்தது.

"முழுசா வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

கொஞ்ச நேரம் விசிறினார். "அப்ப நெசமாவே நெட்டுத்தானா?"

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

"எந்த நேரம் பாத்தாலும் பச்சையா எரியுது. ஞாயித்துக்கெழம படம் ஓடுது. நீ மட்டும் நெட்டு இல்ல, ஆபீஸுக்கு வரச் சொல்றாகன்னு சொல்ற. இங்கன இருக்கப் பிடிக்காம சாக்குச் சொல்றன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையைப் பிடுங்கி நாலு போடு போட்டிருப்பேன். "அடப்பாவி மனுஷா! அப்பறம் எதுக்கு மெட்ராசுக்கே போயிருன்னு சொன்னீங்க?"

"போமாட்டேன்னு சொல்லுவியான்னு பாத்தேன்" என்றார், மோடத்தைப் பார்த்துக்கொண்டே. "நீ ஒண்ணுமே சொல்லல."