பென்சில் தொட்ட கன்னம்

பரு போனாலும் பள்ளங்கள் என் கன்னத்திலேயே தங்கிவிட்டன என்பது நம் ஈமெயில் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

வரன் பார்க்க எடுத்த போட்டோவை வாங்க இன்று அம்மாவுடன் மயிலாப்பூர் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கவரைப் பிரித்தால், வழவழப்பான கன்னங்களோடு ஒருத்தி என் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நெகட்டிவ்லயே பென்சிலால டச்சப் பண்ணிட்டேம்மா. கல்யாண போட்டோன்னா எல்லாருக்கும் செய்யறதுதான்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு" என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

போன வாரம் தோல் டாக்டர் சொன்னது வேறு. "பரு ஆறும்போது அடியில சதை இறுகித் தோலை உள்ள இழுத்துடுச்சும்மா. க்ரீம் அதை நிரப்பாது. சிகிச்சை பண்ணா பள்ளம் குறையும், முழுசா போகாது."

பஸ்ஸில் வீடு வரும்வரை போட்டோவில் இருந்த அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருமுறை அவள் கன்னத்தைத் தடவியும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு முன்பே, பதினைந்து வயதிலிருந்து, நான் அவளுக்காகக் காத்திருக்கிறேன்.

அதற்குள் உங்களில் யாராவது அவளைப் பார்த்தால் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். புடவை இங்கேதான் இருக்கிறது.