கேப்டனுக்கென்று ஒதுக்கிய மெத்தை

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்று யாராவது ஆரம்பித்தால் மெத்தைக்கார அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பசியைப் பற்றிச் சொன்னது சரிதான். அவளே சமையல்காரியாக இருந்தவள். பசித்தவன் கரிந்ததையும் வழித்துத் தின்பான் என்று பார்த்தவள். ஆனால் நித்திரையைப் பற்றிச் சொன்ன ஆள் வீட்டுக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அவனை மலைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு ராத்திரி வெறுந்தரையில் கிடத்தியிருந்தால் பழமொழியைப் பாதியோடு நிறுத்தியிருப்பான் என்பது அவள் கட்சி.

அவள் வேலை பார்ப்பது மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில். வாசல் பக்கம் ஷூக்கள், நடுவில் முதுகுப் பைகளும் கூடாரங்களும், கடைசியில் படுக்கைப் பகுதி. அங்கே தாழ்வாக ஒரு மரமேடை, பக்கத்தில் அவளுடைய ஸ்டூல். மெத்தை வாங்க வருகிற எல்லோரும் முதலில் கட்டைவிரலால் அமுக்கித்தான் பார்ப்பார்கள். "தக்காளியா வாங்குறீங்க? ஷூவைக் கழட்டிட்டுப் படுங்க" என்பாள். அவர்கள் கூச்சத்தோடு மல்லாந்து படுத்தால், வீட்டில் எப்படித் தூங்குவார்களோ அப்படியே ஒருக்களித்துப் படுக்கச் சொல்வாள். இடுப்புக்கு அடியில் அவர்களுடைய கையையே விட்டுப் பார்க்கச் சொல்வாள். பலகை தட்டுப்பட்டால் அந்த மெத்தை அந்த உடம்புக்கு ஆகாது.

அதற்குப் பிறகு போகிற இடத்துத் தரையைப் பற்றி விசாரிப்பாள். மணலா, பாறையா, பனியா? குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் போர்வை போர்வையாகச் சுமந்து போவார்கள். அது கீழேயிருந்து வரும், திருடனைப் போல. ஒரு சாண் உயரத்துக்குப் புசுபுசுவென்று காற்றடைத்த மெத்தை கடையில் படுத்தால் சொர்க்கமாக இருக்கும். உள்ளே பஞ்சோ சூட்டை வெளியே விடாத தாளோ இல்லையென்றால், அந்தக் காற்றே உடம்புச் சூட்டை உறிஞ்சித் தரைக்குக் கொடுத்துவிடும். எந்த மெத்தை எவ்வளவு குளிர் தாங்கும் என்று உறையிலேயே ஓர் எண் போட்டிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அவள் படித்துக் காட்டுவாள், எல்லோருக்கும்.

ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் படித்துக் காட்டுவதில்லை என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அந்த ஆளுக்கு ஊரில் கேப்டன் என்று பெயர். எந்தக் கப்பலுக்கும் எந்தப் படைக்கும் அவர் கேப்டன் இல்லை, தானே வைத்துக்கொண்டது. ஆட்களைச் சேர்த்து மலைக்குக் கூட்டிப்போவது தொழில். பல வருஷங்களுக்கு முன்னால் அவருடைய குழுவில்தான் அக்கா சமையல் செய்துகொண்டிருந்தாள். மேல் முகாமில் ஒருநாள் அடுப்புப் பொறி தெறித்துக் கேப்டனுடைய மெத்தையில் ஓட்டை விழுந்தது. அவர் நேராகச் சமையல் கூடாரத்துக்கு வந்து அவளுடைய மெத்தையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "உனக்கென்ன, நீ எதுல படுத்தாலும் தூங்கிடுவ" என்று சிரித்துக்கொண்டே போனார். அவள் காலிச் சாக்குகளை விரித்து உறைந்த மண்ணில் படுத்தாள். விடிந்தபோது இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்பா என்றே தெரியவில்லை.

அதைக்கூட அவள் ஒருவேளை மறந்திருப்பாள். கேப்டன் அதோடு விடவில்லை. காலைக் காப்பி தாமதமானதற்கு அத்தனை பேர் எதிரிலும், "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார். தனியாகக் கீழே இறக்கி அனுப்பினார். அவள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல்லைப் பிடித்து இறங்கி வந்து சேர்வதற்குள், நடிப்புக்காரி என்கிற பேச்சு அவளுக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. அதற்கப்புறம் எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கடையில் சேர்த்துவிட்டான். இன்றைக்கும் கீழே விழுந்த ஊசியை எடுக்க வேண்டுமென்றால் அவள் ஏதாவது ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்? மலைக்குப் போகிறவன் என்றைக்காவது மெத்தை வாங்க வந்துதானே ஆக வேண்டும். வருஷாவருஷம் புதுச் சரக்கு வரும்போது, கேப்டனுக்கென்று ஒன்றை அவள் மனதுக்குள் ஒதுக்கி வைப்பாள். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை எடுக்கிறவள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள். பார்க்க அழகாக இருக்க வேண்டும், படுத்ததும் சொக்க வைக்க வேண்டும், பனித்தரையில் நடுச்சாமத்துக்கு மேல் முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாகக் குத்தி எடுக்க வேண்டும். இந்த வருஷம் நீல நிறத்தில் ஒன்று வந்திருந்தது. ஏரிக்கரையில் கோடை விடுமுறைக்குப் படுப்பதற்கென்றே செய்தது. உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. அதைத் தடவிப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, அந்த வாரமே கேப்டன் வந்தார்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் பெருத்தும் இருந்தாள். அப்படி இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது. சமையல்காரி முகத்தை யார் பார்த்தார்கள்! அவரோடு ஒரு பல் டாக்டர் அம்மாவும் வந்திருந்தார். மறுநாள் கிளம்புகிற குழுவில் அவரும் ஒருவர். ஷூ வாங்க வாசல் பக்கமே நின்றுவிட்டார்.

"ஏம்மா, நல்ல மெத்தையா ஒண்ணு காட்டு. வயசாகுது, தோள்பட்டையெல்லாம் வலிக்குது. பழசு போன சீசன்ல மலை மேலேயே ஓட்டையாயிடுச்சு."

"அடப் பாவமே. அப்புறம் எப்படி சார் தூங்குனீங்க?"

"அதெல்லாம் சமாளிச்சாச்சு."

"இந்தத் தடவை எங்க சார்?"

"மேல் முகாம்தான். பனி கெட்டியா இருக்கும்."

"கொஞ்சம் இருங்க சார். உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன்."

நீல மெத்தையை அவளே காற்றடித்து மேடையில் விரித்தாள். கேப்டன் படுத்தார், புரண்டார், ஒருக்களித்தார். சொல்லாமலே இடுப்புக்கடியில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார். பலகை எட்டவே இல்லை.

"அடடா! எங்க வீட்டு மெத்தைகூட இப்படி இல்லம்மா."

"இருக்காது சார்."

அவளுக்கு உள்ளுக்குள் தேன் வழிந்தது. எண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. உறையை மடித்துத் தன் ஸ்டூலுக்கடியில் தள்ளிவிட்டிருந்தாள். பல் கிட்டிப்போய் இவர் கூடாரத்துக்குள் சுருண்டு கிடக்கிற காட்சி கண்முன் வந்தது. காலையில் எழுந்து நிற்க முடியாமல் இவர் தவழ வேண்டும். அதைக் குழுவில் யாராவது பார்த்துச் சிரிக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்!

கேப்டன் படுத்தபடியே கையை நீட்டி, மூலையில் சுருட்டி வைத்திருந்த மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்றைக் காட்டினார். "அதுலயும் ஒண்ணு எடு. சமையல்காரிக்கு. அவளுக்கென்ன, எதுல படுத்தாலும் தூங்கிடுவா."

அதே பேச்சு, அதே சிரிப்பு.

"ஏய், வா இங்க! இந்த அடுப்புப் பெட்டியைக் கொண்டுபோய் வண்டியில வை" என்று அவர் வாசலைப் பார்த்துக் கூவினார். ஒரு பெண் உள்ளே வந்தாள். வத்தலும் தொத்தலுமாக இருந்தாள், சின்ன வயசுதான். பெட்டி தரையில் இருந்தது. அவள் முதலில் பை மாட்டுகிற கம்பத்தை இடது கையால் பிடித்தாள். முழங்காலை மடக்கினாள். முதுகை வளைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பலகை இறங்குவதுபோல இறங்கி உட்கார்ந்து பெட்டியைத் தொட்டாள்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அப்படி உட்காருகிற இன்னொருத்தியை அக்கா அன்றுவரை பார்த்ததில்லை.

"எப்போ இருந்தும்மா இடுப்பு வலி?"

அந்தப் பெண் கேப்டனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன சீசன்ல இருந்துக்கா" என்றாள்.

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை சொன்னா மட்டும் வரும் அது" என்றார் கேப்டன்.

போன சீசனில் மலைமேலேயே ஓட்டை, அதெல்லாம் சமாளித்தாச்சு. எதை வைத்துச் சமாளித்தார் என்று அக்காவுக்கு இப்போது புரிந்தது. சந்தோஷத்தில் அதைக் கேட்டும் கேட்காமல் விட்டிருந்தாள். நீல மெத்தையில் குளிர் ஏறினால் இந்த ஆள் என்ன செய்வார்? நடுங்கிக்கொண்டு கிடப்பாரா? நேராகச் சமையல் கூடாரத்துக்குப் போவார். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நல்ல மெத்தை கொடுத்து அனுப்பினாலும் அது அவருடைய அக்குளுக்குப் போய்ச் சேரும். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த குளிர், கடைசியில் போய் இறங்கப்போவது இவள் இடுப்பில்.

இவளைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. கடையிலேயே கதகதப்பான மெத்தையை எடுத்து, அந்த ஆளுக்கே விரித்துப் போட்டு, குழந்தையைப் போலத் தூங்க வைத்து அனுப்ப வேண்டும். அதைச் செய்வதற்குப் பதில் அவள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவாள்.

அவள் கம்பத்தைப் பிடித்து, முழங்காலை மடக்கி, மேடையோரம் உட்கார்ந்தாள். நீல மெத்தையின் மூடியைத் திருகித் திறந்தாள்.

புஸ்ஸென்று காற்று இறங்க ஆரம்பித்தது. "என்னம்மா பண்றே?" என்றார் கேப்டன். எழ முயன்றார், கால்மாட்டில் ஏற்கெனவே காற்று போய்விட்டதால் ஊன்ற இடமில்லாமல் மறுபடி விழுந்தார்.

"எந்திரிக்காதீங்க சார். இன்னும் கொஞ்சம்தான். ஆங், இப்ப இடுப்பு பலகையில படுதா? என் மெத்தையைத் தூக்கிட்டுப் போனீங்களே, அன்னைக்கு நான் படுத்தது இதுக்கும் கீழ. மண்ணுல. இவ எதுல படுத்தான்னு இவளைக் கேளுங்க."

"யாரு நீ?"

"நடிப்புக்காரி. ஊர் பூரா நீங்கதானே சொன்னீங்க, உங்களுக்கே மறந்துபோச்சா?"

தான் கத்தவில்லை என்றுதான் அவள் பிற்பாடு சொன்னாள். கடைக்கு வெளியே பூ விற்றவளுக்கே கேட்டது. பல் டாக்டர் அம்மா ஒரு காலில் ஷூவும் மறுகாலில் சாக்ஸுமாக நொண்டிக்கொண்டு வந்து நின்றார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இந்த நீல மெத்தையை ஏன் எடுத்துக் கொடுத்தாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். "உங்க எலும்புல குளிர் ஏறணும்னுதான் குடுத்தேன். சாமி சத்தியமா அதுக்குத்தான்."

"கேட்டீங்களா டாக்டரம்மா, அவளே ஒத்துக்கிறா! பைத்தியக்காரி!" என்று கேப்டன் பலகையிலிருந்து உருண்டு இறங்கினார்.

டாக்டர் அம்மா அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார். "போன தடவை நீ எதுல படுத்தேம்மா?"

"கூடாரம் சுத்துற பையில. சார் மெத்தை ஓட்டையாயிடுச்சு, என்னோடதை எடுத்துக்கிட்டாரு." அவள் அடுப்புப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டாள். "நான் நாளைக்கு வரல சார்."

"வரலைன்னா? விடிஞ்சா கிளம்பணும்! அத்தனை பேருக்கு யாரு சமைப்பா?"

"நானும் வரல" என்றார் டாக்டர் அம்மா. ஒற்றை ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு அங்கேயே போன் போட ஆரம்பித்தார்.

கேப்டன் கடை முதலாளியைப் பார்த்துக் குதித்தார். முதலாளிக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு மடித்த கூடாரத்தை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

பழி தீர்ந்ததா என்றால், தீர்ந்தது. கேப்டன் போன பிறகு, இடுப்பு பலகையில் இடித்தபோது அவர் முகம் போன போக்கை நினைத்து நினைத்து அக்கா சிரித்தாள். ஆனால் அந்தப் பெண்ணை மேடையில் ஒரு கெட்டி மெத்தையில் படுக்க வைத்து, அவள் புரள்வதற்கு மேடை விளிம்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு ராத்திரிக் குளிரை அந்த ஆளுக்கென்று ரகசியமாக வளர்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால், இந்த இடுப்பு நேராக இருந்திருக்கும். அதை நினைத்தால் அவளுக்குக் கேப்டன்மேல் இருக்கிற கோபம் இன்னும் கூடத்தான் செய்தது. தன்மேலும் கொஞ்சம் வந்தது.

அந்தப் பெண் இப்போது வேறொரு குழுவுக்குச் சமைக்கிறாள். கேப்டன் விடவில்லை, பக்கத்து ஊர்களில் ஆள் பிடித்து இன்னமும் மலைக்குப் போகிறார். அதனால் மெத்தைக்கார அக்காவும் விடவில்லை. தரையைப் பற்றிக் கேட்டு முடித்ததும், இப்போதெல்லாம் இன்னொன்றும் கேட்கிறாள்: யாரோடு போகிறீர்கள்? ஷூவைக் கழற்றி, ஒருக்களித்து, கையை இடுப்புக்கடியில் கொடுத்துப் படுத்திருக்கிற ஆள் சட்டென்று எழுந்து ஓட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

போன வாரம் ஓர் இளைஞன் அப்படிப் படுத்துக்கொண்டு, "கேப்டன்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போறாரு, நல்லவராம்" என்றான்.

அக்கா ஸ்டூலை மேடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லாப் படுங்க தம்பி, சொல்றேன்."