பவுலின் தொடாத இனிப்பு

எங்கள் மாடியில் குடியிருக்கும் பவுலினைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அதில் பாதி என்மேல்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பவுலின் நர்சரி டீச்சர். புருஷன் எரிக் குவைத்தில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மகள் டீனா வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதம் பவுலினுக்குச் சுகர் வந்தது. டாக்டரம்மா சோற்றைக் குறைக்கச் சொன்னார். பிரசவமானதும் சுகர் இறங்கிவிடும், ஆனாலும் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட், அப்புறம் வருஷா வருஷம் ஒன்று, மறக்கக்கூடாது என்றார். இந்த மகராசி நேரே கோயிலுக்குப் போய், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஆயுசுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்தாள்.

டீனா நாலு கிலோ எடையில் பிறந்தாள். சுகரும் இறங்கியது. குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருந்தது. ஒரு தேதி தப்பவில்லை. தாய்க்கு ஏது அட்டை? டெஸ்ட் எடுத்தாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். இனிப்பையே விட்டாயிற்று, இனி எங்கே சுகர் வரப்போகிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

எட்டு கிறிஸ்துமஸ். குல்குல், ரோஸ் குக்கீஸ் என்று இனிப்பெல்லாம் செய்து தெருவுக்கே தட்டுத் தட்டாக அனுப்புவாள். ஒரு துணுக்கு வாயில் போடமாட்டாள். மற்ற நாளில் மதியம் ஸ்கூல் விட்டு வந்து தனியாகச் சாப்பிடுவாள். ஒருத்திக்காக எதற்குப் பொரியல் என்பாள். தட்டு நிறையச் சோறு, ரசம், ஊறுகாய், எதிரே போன். அவ்வளவுதான் அவள் சாப்பாடு.

இந்த வருஷம் மறுபடி உண்டானாள். முதல் டெஸ்டிலேயே சுகர் எக்கச்சக்கம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. எட்டு வருஷமாக இனிப்பே தொடவில்லையே என்று டாக்டரம்மாவிடம் அழுதிருக்கிறாள். சோறும் உள்ளே போனால் சுகர்தான், இப்படியே விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லி இன்சுலின் ஆரம்பித்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஊசியால் சுகர் ரொம்ப இறங்கிக் கை நடுங்கினால் உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். இவள் பயத்தில் சோற்றையே விட்டுவிட்டாள்.

போன சனிக்கிழமை மதியம் மாடியில் பாத்திரம் விழும் சத்தம். ஓடினேன். சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது. ஊசி போட்டுக்கொண்டு வெறும் வெள்ளரிக்காய் தின்றிருக்கிறாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா, நேர்ச்சை. டீனாவுக்கு எதனா ஆயிடும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தாடையைப் பிடித்துவிட்டேன்.

“புள்ளைக்காகத்தானேடி விட்ட? இப்போ புள்ளைக்காகவே குடி.”

குடித்தாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. கீழே போய் இரண்டு சப்பாத்தியும் பீன்ஸ் பொரியலும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு வாய் வைத்தவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நேர்ச்சை போச்சே என்று அழுகிறாள் போல என நினைத்து, ஃபாதரிடம் சொன்னால் புரிந்துகொள்வார் என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அதுக்கில்லக்கா. இந்த வூட்டுக்கு வந்து எனக்குன்னு ஒருத்தர் தட்டு போட்டுக் குடுத்தது இன்னைக்குத்தான்.”

இனிப்பு தொடாதவளுக்கு என்னத்தை வைப்பது என்று, அவள் அனுப்பிய கிறிஸ்துமஸ் தட்டை எட்டு வருஷமும் நான் கழுவி வெறும் தட்டாகத்தான் மேலே அனுப்பியிருக்கிறேன்.