குளியலறை வாசலின் அகலம்

அலுமினியக் கதவு பொருத்தும் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். இடுப்பில் எப்போதும் அளவு டேப் இருக்கும். “அசந்து தூங்கினா என்னையே அளந்து வச்சிடுவா” என்பான் கணவன். டேப்பின் நுனி உடைந்துபோனதிலிருந்து, பத்தாம் கோட்டைச் சுவரோரம் வைத்து அளந்து, கடைசியில் பத்தைக் கழித்துவிடுவாள். புதிது வாங்கச் சொன்னால், “கழிக்கத் தெரியாதா எனக்கு?” என்று எகிறுவாள்.

சென்டிமீட்டர் என்பது மீட்டரில் நூறில் ஒரு பங்கு. சுண்டுவிரல் நகத்தின் அகலம். சாணும் முழமும் அளப்பவன் கைக்குத் தக்கபடி நீளும், குறுகும். சென்டிமீட்டர் யார் கைக்கும் வளைந்துகொடுக்காது. முதலாளி கைக்கும் அப்படித்தான்.

அவள் வேலைக்குப் போன ஒரு வீட்டில், விபத்துக்குப் பிறகு அண்ணனோடு தங்கியிருந்த பெண் ஒருத்தி சக்கர நாற்காலியில் இருந்தாள். நாற்காலியின் அகலம் அறுபத்தாறு சென்டிமீட்டர். குளியலறை வாசல் அறுபதுதான். ஒவ்வொரு தடவையும் அண்ணி தூக்கிப்போக வேண்டும். அண்ணி வெளியே போயிருந்தால் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

“வாசலைப் பெருசாக்கி அறுபத்தொன்பது வைங்க” என்றார் அண்ணன். “ஆறும் ஒன்பதும் பதினஞ்சு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. ஆறுதான் என் ராசி எண்.”

“சட்டம் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர் தின்னுடும் சார். அறுபத்தஞ்சுதான் மிஞ்சும்.”

“ஒரு சென்டிமீட்டர்தானே குறையுது? நெருக்கிப் போனா போகாதா?”

“இரும்பு எங்க சார் நெருங்கும்?”

தங்கை சிரித்தாள். “அங்குலத்துல அளந்தா இருபத்தேழு வரும் அண்ணா. கூட்டினா ஒன்பது. அதே வாசல்தான், ராசி மட்டும் எப்படி மாறுது?”

“விதண்டாவாதம் பண்ணாதே. என் வீடு, நான் சொல்றதுதான் அளவு.”

ஒரு பெண் கழிப்பறைக்குத் தானாகப் போவதற்கு ஓர் எண்ணிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

டேப் அக்கா எரிச்சலோடு சுவரில் அறுபத்தொன்பதை அளந்து குறித்தாள். அந்த எரிச்சலில் பத்தைக் கழிக்க மறந்து, டேப்பில் கண்ட எழுபத்தொன்பதையே, சுவரை உடைக்க வந்திருந்த கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள். அவர் தன் டேப்பால் அளந்து சுவரை உடைத்தார். சட்டமும் கதவும் அதே அளவுக்கு வந்து நின்றன.

சாயங்காலம் அண்ணன் அளந்து பார்த்தார். “எழுபத்தொன்பதா! கூட்டினா ஏழு வருதே! யாரைக் கேட்டு வச்சீங்க?”

“என் தப்புதான் சார். கழிக்காம சொல்லிட்டேன். நானே அடைச்சுத் தர்றேன்.”

“நாளைக்கே அடைங்க.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலி நகர்ந்தது. சக்கரத்தைத் தள்ளிய கைகள் சட்டத்தில் உரசவில்லை. தங்கை உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

“ஏய், என்ன பண்றே? வெளிய வா!”

“குளிக்கப் போறேன் அண்ணா.”

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கதவைத் தட்டக் கை ஓங்கினார். அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“பொம்பளை குளிக்கிறா. வாசல்ல உங்களுக்கு என்ன வேலை? அந்தப் பக்கம் போங்க.”